பச்சை காட்டிய மாதம்

மைசூரில் கல்யாண மண்டபம் கிடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது இங்கே ஒரு கல்யாணத்தையாவது நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த மண்டபத்தின் இணையப் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பதிவான நாளுக்குச் சிவப்பு, காலியான நாளுக்குப் பச்சை என்று வண்ணம் கொடுத்திருந்தார்கள். சித்திரை முழுக்கச் சிவப்பு. வைகாசி பிறந்ததும் ஒரேயடியாகப் பச்சை. ஞாயிற்றுக்கிழமைகள்கூடப் பச்சை. பக்கம் சரியாகத் திறக்கவில்லையோ என்று மூடித் திறந்தேன். கைப்பேசியில் பார்த்தேன், மடிக்கணினியில் பார்த்தேன். எல்லாவற்றிலும் பச்சைதான். ஊரில் வேறு யார் கண்ணிலும் படாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இப்படி நினைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. விஜயநகரில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவன் நான். புதிதாக ஒரு கருவியோ இணையத்தில் ஒரு வசதியோ வந்தால் அதை முயன்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. நான் எப்படித் தூங்கினேன் என்று காலையில் சொல்லும் கடிகாரம், வாசலில் நிற்பவரின் முகத்தைக் காட்டும் அழைப்பு மணி, அச்செழுத்தின்மீது ஓட்டினால் வாசித்துக் காட்டும் பேனா, தானாக வீடு பெருக்கி சோபாவுக்கு அடியில் சிக்கிக்கொண்டு கத்தும் வட்ட இயந்திரம், எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் அது வீட்டுக்கு வந்த தேதியை எழுதி ஒரு சிறு சீட்டு ஒட்டியிருப்பேன். நாட்குறிப்பு எழுதுகிறவனுக்குத் தேதி இல்லாத பொருள் தலைப்பில்லாத புத்தகம் மாதிரி. என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "கல்யாண நாள மறந்துட்டு சார்ஜர் வாங்குன நாளச் சரியா சொல்ற மனுஷன் மைசூர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள்.

மண்டபம் என் அக்கா மகளுக்காக. அக்காவுக்கு ஹனூர் பக்கம் காடும் தோட்டமும். அவள் கணவர் காலமான பிறகு பெண்ணைப் படிக்க எங்கள் வீட்டுக்கு அனுப்பினாள். படித்து முடித்து இங்கேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள் பெண். தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும் அவளுக்கு. அதே கம்பெனியில் ஒரு கன்னடப் பையனைப் பிடித்துப்போனது. பையன் தங்கமானவன். அவன் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர். முடிவு அம்மாவின் கையில் இருந்தது. அந்த அம்மாள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஒரு வருடத்துக்கு மேலாக அவர் சொன்ன ஒரே பதில், "நோடோணா." பார்க்கலாம் என்று அர்த்தம். பையன் எப்போது பேச்செடுத்தாலும் நோடோணா. எங்கள் பெண்ணை நேரில் பார்த்தார், சிரித்துப் பேசினார், புறப்படும்போது நோடோணா. கடைசியில் சங்கராந்தி கழிந்து ஒரு நாள், "ஆகட்டும்" என்றார். அன்று எங்கள் பெண் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த "ஆகட்டும்" பின்வாங்கப்படுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய அவசரமும். தாய்மாமன் நான். மைசூரில் பெண் வீட்டுக்கு நானே ஆண்பிள்ளை. நாள் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பேசினால் பதில் சொல்லும் ஏஐ செயலி ஒன்று அப்போதுதான் தமிழில் நன்றாகப் பேசத் தொடங்கியிருந்தது. வைகாசியில் கல்யாணத்துக்கு நல்ல நாள் கேட்டேன். வளர்பிறை, நட்சத்திரம், லக்கினம், ராகு காலம் ஒதுக்கி முகூர்த்த நேரம், எல்லாம் சொல்லி மணமக்களுக்கு வாழ்த்தும் சொன்னது. கொள்ளேகாலிலிருந்து அக்கா கொண்டுவந்து மாட்டியிருந்த தினசரி காலண்டரையும் புரட்டிப் புரட்டிச் சரிபார்த்தேன். அதிலும் அன்று முகூர்த்தம் என்று போட்டிருந்தது. பையனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து அனுப்பினேன். உயர்த்திய கட்டை விரல் ஒன்று பதிலாக வந்தது. அந்தக் கட்டை விரலை நான் ஒரு குடும்பத்தின் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் பதிவு செய்ததும் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். விவரமெல்லாம் கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "நிம்ம கடே நடெயுத்தா சார்?" என்றார். உங்கள் பக்கம் நடக்குமா என்று கேட்கிறார். வேலைகள் நடக்கின்றனவா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, "நடெயுத்தே, ஜோராக நடெயுத்தே" என்றேன். முன்பணத்தை அனுப்பச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அழைப்பிதழைச் செய்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செடுத்தது. ஒரு இணையதளம். மணமக்களின் ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் போதும். படத்தில் அசையாமல் நின்ற எங்கள் பெண் கழுத்தைத் திருப்பினாள், கண் சிமிட்டினாள், கைகூப்பினாள். பக்கத்தில் பையனும் கூப்பினான். என்னைச் சில வரிகள் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, நான் வாசிக்காத வரிகளையெல்லாம் என் குரலிலேயே சொன்னது. தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை. இத்தனை வருடம் இங்கே குடியிருந்தும் என் கன்னடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தமிழ் வாடை அந்தக் குரலில் இல்லை. நானே நேரில் வந்து இன்னொரு நானாக நிற்பதைப் பார்த்ததுபோல இருந்தது. மனைவி இருமுறை கேட்டாள்.

"இது நீங்க இல்லீங்க."

"என் குரல்தானே?"

"குரல் உங்களுதுதான். ஆனா நீங்க எங்கிட்ட என்னைக்கு இவ்வளவு மரியாதயாப் பேசியிருக்கீங்க?"

வியாழக்கிழமை எங்கள் சொந்தக்காரர்களுக்கு மட்டும் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அச்சடித்த பத்திரிகையோடும் வெற்றிலைத் தட்டோடும் சம்பந்தி வீட்டுக்கு முறையாகப் போவதாகத் திட்டம். அனுப்பிய வீடியோ என் கையில் நிற்கும் பொருளல்ல என்பது எனக்கு ஏனோ தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பையனின் அம்மா நடக்கப் போகும் பூங்காவில் ஒரு தோழி கைப்பேசியை நீட்டியிருக்கிறார். "இது உங்க மகன் இல்லையா?"

அந்த அம்மாள் எனக்கு நேராக அழைத்தார். கன்னடத்தில்தான் பேசினார். குரல் உயரவில்லை.

"சார், என் ஒரே மகனுக்கு எப்போ கல்யாணம்னு எனக்குப் பார்க்கில் வைத்து அடுத்தவங்க சொல்றாங்க."

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாக..."

"அது இருக்கட்டும். அதிக மாசத்தில் நாள் வெச்சிருக்கீங்களே, யாரைக் கேட்டு வெச்சீங்க?"



அதிக மாதம் என்றால் என்னவென்று நான் படித்ததுண்டு. கன்னட மக்கள் சந்திரனை வைத்து மாதம் கணக்கிடுகிறவர்கள். சந்திரனின் வருடம் சூரியனின் வருடத்தைவிடச் சிறியது. பின்தங்கியதை ஈடுகட்ட, சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அந்தக் கூடுதல் மாதத்தில் கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவும் கிடையாது. நாமோ சூரியனை வைத்துப் போகிறவர்கள். நமக்கு வைகாசி எப்போதும் வைகாசி. இரண்டு அமாவாசை வந்தாலும் வைகாசிக்கு அந்தத் தோஷம் இல்லை என்று நம் பஞ்சாங்கக்காரர்கள் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவும் புத்தகத்தில் தெரிந்தவன், பச்சையைப் பார்த்தபோது இதை நினைக்கவே இல்லை. ஊரிலுள்ள மண்டபமெல்லாம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. மேலாளரின் தயக்கமும் விளங்கியது. என் கையிலிருந்த கைப்பேசியை ஏதோ சுட்டுவிட்டதுபோல மேஜையில் வைத்தேன், மறுமுனையில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மீண்டும் எடுத்துக் காதில் வைத்தபோது கேட்டது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

"அதிக மாசம் முடியட்டும். ஆமேலே நோடோணா."

அதற்குப் பிறகு பார்க்கலாம். அதே வார்த்தை.

சாயந்திரம் வேலையிலிருந்து வந்த எங்கள் பெண்ணிடம் எப்படிச் சொல்வதென்று நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"அவங்க நோடோணான்னு சொன்னாங்களா மாமா? அதே வார்த்தையா?"

தலையசைத்தேன்.

"கோபமா சொன்னாங்களா, சும்மா சொன்னாங்களா?"

"சும்மாதான் சொன்னாங்க."

"அப்ப முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "கோபமா சொன்னா மறுநாள் சரியாயிடுவாங்க. சும்மா சொன்னா அதுல நிப்பாங்க. அந்த ஒரு வார்த்தையத் தாண்டி வர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு மாமா."

மறுநாளே அக்கா ஹனூரிலிருந்து வந்து இறங்கினாள். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டா தம்பி, ஊரு பூரா மண்டபம் சும்மா கெடக்குதுன்னா, ஏஞ் சும்மா கெடக்குதுன்னு கேக்க மாட்டியா? சந்தையில ஒரு மாடு மட்டும் கேக்க ஆளில்லாம நின்னா நாம பல்லப் புடிச்சுப் பாப்பமா இல்லியா?"

"காலண்டர்லயும் முகூர்த்தம்னுதான் போட்டிருந்துது அக்கா. நீ கொண்டாந்த காலண்டர்தான்."

"என்ற காலண்டரு என்ற பொண்ணுக்குப் பாக்கறதுக்கு. அந்தப் பையனுக்கு அவங்க ஊட்டுச் செவுத்துல ஒண்ணு தொங்குமில்ல?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தம்மாளுக்கு மாசமெல்லாம் ரெண்டாவதுடா. வந்து கேக்காமப் போனதுதான் கோவம். வா, இப்பவே போயி ஒக்காந்து பேசிப்போட்டு வந்தரலாம்" என்றாள்.

பெண் விடவில்லை. மாதம் முடியட்டும் என்று சொன்னவரிடம் மாதம் முடியுமுன் போய் நின்றால் இன்னும் கெட்டுவிடும் என்றாள். காத்திருந்தோம். எனக்குச் செய்ய ஒரு வேலைதான் பாக்கி. அழைப்பிதழ் தளத்தில் போய், கல்யாணம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அனுப்பப்பட்டது என்று ஒரு பச்சைக் குறி விழுந்தது. கடைசிப் பெயர்வரை பச்சை வருவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். அக்காவிடமும், "எல்லாருக்கும் போயிருச்சு, நீ யாருக்கும் தனியா சொல்ல வேண்டாம்" என்றேன்.

நான் குறித்த அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் குரல் கேட்டது.

"இன்று நம் வீட்டுத் திருமணம். தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டுகிறேன்."

மனைவியின் கைப்பேசி. அவள் தோசைத் திருப்பியோடு உறைந்துபோய் நின்றிருந்தாள். அடுத்த நொடி மாடியில் பெண்ணின் கைப்பேசியிலிருந்தும் என் குரல், கன்னடத்தில், கொஞ்சமும் தடுமாறாமல். கல்யாணத்தன்று காலையில் நினைவூட்டும் வசதி ஒன்றை நான் ஆரம்பத்திலேயே போட்டிருந்தேன். ஒத்திவைப்புச் செய்தி அனுப்பினால் அது நிற்காது, தனியாக நிறுத்த வேண்டும். வாயில் நுரையோடு ஓடிவந்து நான் பட்டியலைத் திறந்தேன். பையனின் அம்மா பெயர் அதில் இருந்தது. நான்தான் பின்னால் சேர்த்திருந்தேன், மரியாதைக்காக.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபத்து மேலாளர் அழைத்தார்.

"சார், உங்க ஜனங்க வந்திருக்காங்க. ஒரு வேன் நிறைய. தட்டெல்லாம் இருக்கு. கேட்டைத் திறக்கவா, வேண்டாமா?"

நானும் மனைவியும் அக்காவும் பெண்ணும் ஆட்டோவில் போனோம். மண்டபத்து வாசலில் மாலை போட்ட ஒரு வேன் நின்றிருந்தது. படிக்கட்டில் பட்டுப்புடவையும் வேட்டியுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கோபிநத்தத்துச் சொந்தங்கள். காட்டோரத்து ஊர் அது. அக்கா கணவரின் தம்பி, எங்கள் பெண்ணின் சித்தப்பா, மடியில் ஒரு பெரிய பித்தளைத் தட்டை வைத்துக்கொண்டு முதல் படியில் இருந்தார். முந்தின நாளே கிளம்பி, மாதேஸ்வரன் மலையில் தங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"என்னுங்க மச்சான், மண்டபம் பூட்டிக் கெடக்குது? மாப்பளையும் பொண்ணும் எங்களுக்கு முந்தியே ஓடிப் போயிக் கட்டிக்கிட்டாங்களா?"

"செய்தி அனுப்பிச்சேனே. வரலையா?"

"எங்கீங்க வருது? நாளு வெச்சதே அண்ணி ஆள் வுட்டுச் சொன்னதுதானுங்க. எங்கூருப் பக்கம் போனு மணி பாக்கறதுக்குத்தான் ஆகும். பாலாறு செக்போஸ்டத் தாண்டினா அதுவும் நின்னு போவும்." அவர் சிரித்தார். பிறகு அண்ணன் மகளின் முகத்தைப் பார்த்தார். பட்டு இல்லை, பூ இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன கண்ணு ஆச்சு?"

அவள் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. பையன் ஓட்டினான். பக்கத்தில் அவன் அப்பா. பின்னாலிருந்து அந்த அம்மாள் இறங்கினார். வீட்டுப் புடவையில் வந்திருந்தார். கையில் கைப்பேசி. காலையில் என் குரலைக் கேட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பெண் வீட்டார் கல்யாணத்தை நடத்தவே போகிறார்களோ என்று பதறி மகனை எழுப்பிக் கிளப்பியிருக்கிறார். வேனைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், படியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. என்னைவிட அவருக்கு அதிர்ச்சி அதிகம்.

இரண்டு அம்மாக்களும் நேருக்கு நேர் நிற்பது அதுதான் முதல் தடவை. அதுவரை எல்லாம் என் ஏற்பாட்டில் வீடியோ அழைப்பிலேயே நடந்திருந்தது. அக்கா முன்னால் போனாள். ஹனூர்க்காரிக்குக் கன்னடம் தடுமாறாது.

"அம்மா, இவங்களுக்குத் தள்ளிவெச்ச சேதி போய்ச் சேரல. காட்டோரத்து ஊரு. நேத்தே கெளம்பிட்டாங்க. நாங்க உங்க பேச்ச மீறல."

அந்த அம்மாள் அக்காவைத் தாண்டி நடந்தார். படியில் இருந்த பெண்களிடம் போனார்.

"திண்டி ஆயித்தா?"

காலை உணவு ஆயிற்றா என்கிறார். சித்தப்பாதான், "கல்யாண ஊட்டுக்கு வர்றதுக்கு யாருங்க தின்னுப்போட்டு வருவாங்க?" என்றார், தமிழில். அது அந்த அம்மாளுக்குப் புரிந்தது. என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். வகுப்பில் வெளியே நிற்கச் சொல்லப்பட்ட மாணவன்போல நின்றேன்.

"சார், தேதி உங்களோடது. போகட்டும். இத்தனை பேரைப் பட்டினியா படியில் உட்கார வெச்சிருக்கீங்களே!"

மேலாளரிடம் சாப்பாட்டுக்கூடத்தைத் திறக்கச் சொன்னார். அந்த மாதத்தில் அவருக்கும் வேறு வேலை இல்லை, உடனே திறந்தார். பையன் எதிர்த்தெரு ஓட்டலுக்கு ஓடினான். இட்லியும் வடையும் வந்தன. அந்த அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தாமே பரிமாறினார். என் மனைவி தடுக்கப் போனதற்கு, "இந்த மாசத்தில் கல்யாணம்தான் கூடாது. நாலு பேருக்குப் போடலாம். போடணும்" என்றார்.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது சித்தப்பா வடையைக் கையில் வைத்துக்கொண்டு வெளிப்படையாகக் கேட்டார்: இன்றைக்கு நல்ல நாள் என்றுதானே சொன்னார்கள், யார் சொன்னது தப்பு? நான் எழுந்து மழுப்ப முயன்றேன். அந்த அம்மாள் தம் கைப்பேசியை எடுத்தார்.

"நானும் கேட்டேன். உங்களோட அதே ஏஐயைத்தான். அது கூடாதுன்னு சொல்லிச்சு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதே செயலி, அதே நாள். என் கைப்பேசியையும் எடுத்து இரண்டையும் எச்சில் இலைக்கு நடுவே வைத்தோம். அக்கா என்னுடையதில் தமிழில் கேட்டாள், இன்றைக்குக் கல்யாணம் பண்ணலாமா என்று. வைகாசி வளர்பிறை, மிகவும் உகந்த நாள், மணமக்களுக்கு என் வாழ்த்துகள் என்றது. அந்த அம்மாள் தம்முடையதில் கன்னடத்தில் கேட்டார். இது அதிக மாதம், சுப காரியங்களைத் தவிர்ப்பது நல்லது என்றது. இரண்டும் ஒரே குழைவோடு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு நின்றன.

நான் எத்தனையோ கருவிகளைப் பார்த்தவன், இரண்டு கைப்பேசிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். தேதி என்பது ஒன்று என்று நினைத்தே இத்தனை காலமும் சீட்டு ஒட்டி வந்திருக்கிறேன். ஒரே காலையில் ஒரே கூரையின் கீழ் இரண்டு மாதங்கள் நடந்துகொண்டிருந்தன, இரண்டுக்கும் நடுவில் எங்கள் பெண் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ரெண்டும் ஒரே கம்பெனியாங்க மச்சான்?" என்றார் சித்தப்பா.

"ஒரே கம்பெனிதான்."

"அந்தந்த ஊட்டுக்குத் தக்கன பேசுது பாருங்க. நல்ல கல்யாணத் தரகனா வரும்."

முதலில் சிரித்தது பையனின் அப்பா. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு எல்லோரும். அந்த அம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆனி வளர்பிறையில கேளுங்க, நானும் கேக்கறேன்" என்றாள் அக்கா. அந்த அம்மாளின் கணக்கில் அது நிஜ ஜேஷ்ட மாதம், கூடுதல் மாதம் போன பிறகு வரும் நிஜ மாதம். இரண்டு பேரும் மறுபடி கேட்டார்கள். இந்த முறை இரண்டு கைப்பேசிகளும் ஒரே வியாழக்கிழமையைச் சொன்னபோது பந்தியில் யாரோ கைதட்டினார்கள். நான் பழக்கதோஷத்தில் மண்டபத்தின் பக்கத்தைத் திறந்தேன். ஆனியில் ஒரு பச்சைகூட இல்லை. மேலாளர் என் தோள் வழியே எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

இரண்டு இயந்திரங்கள் ஒத்துப்போனால் ஒரு தாய் ஒத்துக்கொண்டதாக ஆகாது. எங்கள் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. சித்தப்பாவோ கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தம் மனைவியையும் பக்கத்தில் அழைத்து நிறுத்தி, அந்தப் பித்தளைத் தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, தேங்காய், மடித்த பட்டு. நேராக அந்த அம்மாள் முன்னால் போய் நீட்டினார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டமுங்க. தட்ட வாங்கிக்கிட்டீங்கன்னா நிம்மதியாத் திரும்பிப் போவம்."

அந்த அம்மாள் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இல்லை. இதை நான் வாங்க மாட்டேன்."

பையன், "அம்மா" என்றான். என் மனைவி என் சட்டையைப் பிடித்தாள். அந்த வார்த்தை வந்துவிடப் போகிறது என்று நான் காத்திருந்தேன். எங்கள் பெண் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

"இந்த மாசத்தில் தட்டு வாங்கக் கூடாது. மண்டபத்திலும் வாங்கக் கூடாது. என் வீட்டுக்கு வந்து கொடுக்கணும். அமாவாசையோட இந்த மாசம் முடியுது, அதுக்கு மறுநாள் காலையில்." சித்தப்பாவிடம் அதைச் சொல்லிவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். "மண்டபம் இல்லாட்டி என்ன, வீட்டு முன்னாடி பந்தல் போட்டுக்கலாம். நம்ம தெரு அகலமான தெரு. வந்து பாருங்க, பீகித்தி."

சம்பந்தியம்மாவைக் கன்னடத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். அதுவரை அக்காவை அவர், பெண்ணின் அம்மா என்றே சொல்லி வந்தார். அக்கா தலையை ஆட்டினாள். எங்கள் பெண் கண்ணைத் திறந்து, குவளையைக் கீழே வைத்துவிட்டு, மாமியாராகப் போகிறவரின் புடவைத் தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டாள். அதில் சாம்பார் பட்டிருந்தது.

இருட்டுவதற்குள் காட்டைத் தாண்ட வேண்டும் என்று வேன்காரர் அவசரப்படுத்தினார். தட்டை ஒரு துண்டால் மூடி, சித்தப்பா முன்சீட்டில் மடிமேல் வைத்துக்கொண்டார். வேன் நகரும்போது அந்த அம்மாள் ஜன்னலைத் தட்டினார்.

"அன்னிக்கு இந்த சார் போன் போட்டுக் கூப்பிட்டா வராதீங்க. நான் கூப்பிடுவேன், அப்போ வாங்க."

"எங்கூர்ல போனே எடுக்காதுங்களே" என்றார் சித்தப்பா.

"அப்போ கூப்பிடாமலே வாங்க" என்றார் அவர்.